முந்தி ஓடும் கடிகாரம்

கடிகாரம் மூன்று வகையில் பிழை செய்யும். நின்றுபோவது ஒன்று, பிந்தி ஓடுவது ஒன்று, முந்தி ஓடுவது ஒன்று. நின்றுபோன கடிகாரம் எவரையும் நெடுநேரம் ஏமாற்றுவதில்லை. காதருகே கொண்டுசென்ற மாத்திரத்தில் அதன் மௌனமே உண்மையைச் சொல்லிவிடும். பிந்தி ஓடும் கடிகாரம், உரியவர் ரயிலைத் தவறவிட்ட அன்றே ஏச்சு வாங்கிவிடும். முந்தி ஓடும் கடிகாரத்துக்கோ உலகில் நல்ல பெயர் உண்டு. சுறுசுறுப்பானவருக்கு உற்ற துணை என்று அதைப் புகழ்வோரும் உளர். சுவர்க்கடிகாரத்தின் முள்ளை வேண்டுமென்றே 5 நிமிடம் முன்னே தள்ளி வைத்திருக்கும் இல்லங்களை நாம் அறிவோம். பிள்ளைகள் காலந்தாழ்த்தாமல் பள்ளிக்குச் செல்வர் என்பது அவர்கள் கூறும் காரணம்.

உலகக் காரியங்களில் இது பொருந்தலாம். ஆனால், சூரியனின் ஓட்டத்தோடு தன் வணக்கங்களைப் பிணைத்துக்கொண்ட ஒரு சமுதாயத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. வக்து நுழைந்தபின் சற்றுத் தாமதித்தவருக்கு அந்த வக்து முடியும்வரை வாசல் திறந்தே இருக்கிறது. வக்து நுழையுமுன் தொழுதவருக்கோ, அத்தொழுகை கடமையான தொழுகையாக நிறைவேறுவதில்லை. நோன்பும் அவ்வாறே. ஸஹர் நேரத்தில் பிந்தி ஓடும் கடிகாரம் நம்மைக் கெடுக்கும். மாலையில் முந்தி ஓடும் கடிகாரம் கெடுக்கும். பகலெல்லாம் பசித்திருந்து, கடைசி இரண்டு நிமிடத்தில் அந்தப் பசியின் பலனை இழப்பதைவிட வருந்தத்தக்கது வேறென்ன இருக்க முடியும்?

இது கற்பனையாக எழுப்பும் வினாவன்று. 2019-ஆம் ஆண்டு ரமலானில், கடலோரத்துச் சிற்றூர் ஒன்றின் தெருப் பள்ளிவாசலில் நாம் கண்ட நிகழ்ச்சி ஒன்றை இங்கு எடுத்துரைப்பது பொருந்தும்.

அப்பள்ளியின் மோதினார் எழுபதைக் கடந்தவர். இருபத்தைந்து ஆண்டுகள் இடைவிடாமல் பாங்கு சொன்னதற்காக ஜமாஅத்தார் அவருக்கு ஒரு கைக்கடிகாரம் அன்பளித்திருந்தனர். நாள்தோறும் சாவி கொடுத்து ஓடவைக்கும் பழைய வகை. அதை அவர் ஒரு பட்டயம்போல் போற்றிவந்தார். வெள்ளிதோறும் ஜும்ஆவுக்கு முன் வானொலி நேரத்தோடு ஒத்துப்பார்த்து முள்ளைச் சரிசெய்துகொள்வார். வாரம் முழுவதற்கும் அதுவே போதுமானதாக இருந்தது. அதன் பிழை ஒருபோதும் ஒரு நிமிடத்தைத் தாண்டியதில்லை.

அந்த ரமலானின் முதல் வெள்ளியன்று அவர் வழக்கம்போல் கடிகாரத்தைச் சரிசெய்தார். அடுத்து வந்த புதன்கிழமை மாலை பாங்கு ஒலித்தது. தெருவெங்கும் பேரீத்தம்பழம் வாய்க்குச் சென்றது. நோன்புக் கஞ்சிக் கிண்ணங்கள் கைக்கு வந்தன. சிறிது நேரத்தில் மூதாட்டி ஒருவர் தம் பேரனைப் பள்ளிக்கு அனுப்பினார். “மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். தென்னந்தோப்புக்கு மேல் சூரியன் முழு வட்டமாகத் தெரிந்ததே! அதற்குள் எப்படிப் பாங்கு?” என்பது அவர் கேட்டனுப்பிய கேள்வி. கைபேசியோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது மோதினாரின் கடிகாரம் 5 நிமிடம் முந்தியிருந்தது. முந்தின நாளே ஐயம் கொண்ட இளைஞர் சிலர், பெரியவர் மனம் நோகுமே என்று வாய்திறவாமல் இருந்திருக்கின்றனர்.

மறுநாள் மாலை மீண்டும் பார்த்தபோது பிழை 6 நிமிடமாகியிருந்தது. ஆக, அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் முந்துகிறது என்பது தெளிவாயிற்று. “ஹஜ்ரத், இத்தனை பேருடைய நோன்பும் என் கழுத்தில் விழுந்துவிட்டதே. இனி எனக்கு இந்தப் பணி வேண்டாம்” என்று மோதினார் கண்ணீர் வடித்தார். “நானா, முதலில் கடிகாரத்தின் நோய் என்னவென்று பார்ப்போம். பிறகு சட்டம் என்னவென்று பார்ப்போம். அதன்பின் பணியைப் பற்றிப் பேசலாம்” என்று கூறி, வெள்ளிக்கிழமை காலை அவரையும் அழைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குச் சென்றோம்.

அங்கே ஒரு படிக்கட்டின் கீழ், கண்ணாடிப் பெட்டியொன்றின் பின்னால் அமர்ந்து ஐம்பது ஆண்டுகளாகக் கடிகாரம் பழுதுபார்த்துவரும் முதியவர் ஒருவர் இருந்தார். அவர் கடிகாரத்தைத் திறக்குமுன், “பாய், கிப்லா பார்க்கும் திசைகாட்டி ஏதாவது உங்களிடம் இருக்கிறதா?” என்று கேட்டார். மோதினாரின் பையில், ஹஜ்ஜுக்குச் சென்றுவந்த ஒருவர் கொடுத்த சிறு திசைகாட்டி இருந்தது. அதை மேசைமேல் வைத்து, கடிகாரத்தை மெல்ல அதனருகே கொண்டுசென்றார். வடக்கு நோக்கி அமைதியாக நின்ற ஊசி நடுங்கிப் புரண்டது. “கடிகாரத்தில் பழுதில்லை. காந்தம் ஏறியிருக்கிறது. இதை எதன்மேல் வைத்தீர்கள்?” என்றார்.

விசாரித்தபோது உண்மை புலப்பட்டது. சரியாக அந்த முதல் வெள்ளியன்று ஜும்ஆ முடிந்தபின், தராவீஹ் தொழுகைக்காக இளைஞர்கள் ஒரு புதிய ஒலிபெருக்கிப் பெட்டியைக் கொணர்ந்து, ஒளு செய்யும் தொட்டிக்கு அருகிலிருந்த மாடத்தில் வைத்திருந்தனர். மோதினார் ஒளுவுக்காகக் கடிகாரத்தைக் கழற்றி, அன்றைய மஃரிபு முதல், அந்தப் பெட்டியின் பின்புறத்தை ஒட்டியே வைத்துவந்திருக்கிறார். ஒலிபெருக்கியின் உயிரே அதனுள் இருக்கும் வலிய காந்தம் அன்றோ!

காந்தம் ஏறினால் கடிகாரம் ஏன் முந்த வேண்டும்? அம்முதியவர் உருப்பெருக்கியை நம் கையில் தந்து உள்ளே காட்டினார். சாவி கொடுக்கும்போது இறுகும் பெரிய சுருள்வில் கடிகாரத்துக்கு வலுவைத் தருகிறது. ஆனால் நேரத்தை அளப்பது அதுவன்று. பேலன்ஸ் வீல் என்னும் சிறு சக்கரமும், அதன் அச்சில் பொருந்திய ஹேர் ஸ்பிரிங் என்னும் மயிரிழைச் சுருளும் ஆகும். சுருள் விரிந்து சுருங்க, சக்கரம் இப்பக்கமும் அப்பக்கமும் ஆடுகிறது. 1675-இல் டச்சு அறிஞர் ஹைகன்ஸ் இத்தகைய சுருள் பொருந்திய கடிகாரத்தை வெளிப்படுத்திய பின்னரே, சட்டைப்பையில் வைக்கும் கடிகாரம் நம்பத்தக்க கருவியாயிற்று. நம் மோதினாரின் கடிகாரம் போன்றவை மணிக்கு 18,000 துடிப்புகள், அதாவது நாளொன்றுக்கு 4,32,000 துடிப்புகள் துடிக்கின்றன.

அச்சுருளின் வளையங்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். காந்தம் ஏறினால் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதனால் ஆடும் பகுதியின் நீளம் குறைகிறது; நீளம் குறைந்த சுருள் விறைப்பாகிச் சக்கரத்தை விரைந்து திருப்பியனுப்புகிறது. முழுதாக மூச்சு விடாமல் குறுமூச்சு விடுபவன் நிலை அதற்கு. நாளொன்றுக்கு ஒரு நிமிடம் முந்துகிறதென்றால் 300 துடிப்புகள் கூடுதலாகத் துடித்திருக்கிறது. ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவைக்கூட அது எட்டவில்லை. வெளியிலிருந்து காண்போருக்கு அது சுறுசுறுப்பு. உள்ளே திறந்து பார்த்தவருக்குத்தான் அது ஒரு நெருக்கடி என்பது விளங்கும்.

சிகிச்சையும் சிந்திக்கத்தக்கதாகவே இருந்தது. கம்பி சுற்றிய ஒரு கருவியில் மாறுமின்சாரத்தைச் செலுத்தி, கடிகாரத்தை அதன் நடுவே வைத்து, பின்னர் அதை மெல்ல மெல்ல ஒரு முழ தூரத்துக்கு விலக்கி எடுத்தார் முதியவர். “நடுவில் இருக்கும்போதே மின்சாரத்தை நிறுத்திவிட்டால் காந்தம் போகாது, சில வேளை கூடவும் செய்யும். நிதானமாக விலக்கினால்தான் விடும்” என்றார். திசைகாட்டியின் அருகே மறுபடியும் வைத்துப் பார்த்தபோது ஊசி அசையவில்லை. கடிகாரத்தின் உள்ளே கூட்டல், கழித்தல் குறிகளுக்கு இடையே ஒரு சிறு நெம்புகோல் உண்டு. அதைக் கழித்தல் பக்கம் தள்ளினால் சுருளின் ஆடும் நீளம் கூடி வேகம் குறையும். “அதைத் தள்ளியே சரிசெய்திருக்கலாமே?” என்று வினவினோம். “நோய் உள்ளே இருக்க முள்ளை மட்டும் திருத்துவதா? ஒட்டிய வளையம் ஒருநாள் தானே விடும், அன்று கடிகாரம் பிந்தி ஓடும்” என்பது அவர் விடை. கல்வி பட்டயத்தில் மட்டும் இருப்பதில்லை என்பதை அப்படிக்கட்டின் கீழ் உணர்ந்தோம்.

கடிகாரம் குணமடைந்தது. நோன்பு என்னாவது? பள்ளி நிருவாகத்தில் இரு கருத்துகள் எழுந்தன. நடந்தது நடந்துவிட்டது, ஊரைக் கலக்காமல் விட்டுவிடலாம் என்றார் ஒருவர். அந்த வாரம் நோற்ற நோன்பு அனைத்தையும் எல்லாரும் மீண்டும் நோற்க வேண்டும் என்று அறிவிக்கச் சொன்னார் ஆர்வம் மிகுந்த இளைஞர் ஒருவர். இருவருக்கும் நாம் கணக்கைக் காட்டினோம்.

அப்பள்ளியின் நேர அட்டவணையில், சூரியன் மறையும் கணத்தோடு 3 நிமிடம் பேணுதலுக்காகக் கூட்டப்பட்டிருந்தது. வெள்ளி மஃரிபில் தொடங்கிய பிழை சனியன்று 1 நிமிடம், ஞாயிறன்று 2 நிமிடம். இவ்விரு நாளும் பாங்கு சூரியன் மறைந்த பின்னரே ஒலித்திருக்கிறது. திங்களன்று 3 நிமிடம். பேணுதலும் பிழையும் சமம். செவ்வாயன்று 4, புதனன்று 5. இவ்விரு நாளும் சூரியன் மறையுமுன்னரே நோன்பு திறக்கப்பட்டுவிட்டது என்பது உறுதி.

சூரியன் மறைந்துவிட்டதென நம்பி நோன்பு திறந்து, பின்னர் மறையவில்லை என்று உறுதியானால், பாவம் இல்லை. ஆனால் அந்நோன்பைக் கழாச் செய்வது கடமை. ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளின் தீர்ப்பும் இதுவே. எனவே அந்தப் பாங்கைக் கேட்டவுடன் திறந்தவர்கள் செவ்வாய், புதன் ஆகிய இரண்டு நோன்புகளைத் திரும்ப நோற்க வேண்டும். திங்களின் நிலை வேறு. நம்பத்தக்க ஒருவரின் பாங்கை ஆதாரமாகக் கொண்டு திறந்தார்கள். பிழை நேர்ந்ததென்பது உறுதியாகவில்லை. ஆதலால் அந்நோன்பு நிறைவேறியதாகவே கொள்ளப்படும். பேணுதலுக்காக ஒருவர் அதையும் நோற்பாராயின் நன்று. பிறர்மீது அதைச் சுமத்துதல் கூடாது.

இளைஞருக்கு இது நிறைவளிக்கவில்லை. “கூடுதலாக நோற்கச் சொல்வதில் என்ன கேடு, ஹஜ்ரத்?” என்றார். “தம்பி, அல்லாஹ் கடமையாக்காததைக் கடமை என்று அறிவிப்பதும் வக்துக்கு முன் பாங்கு சொல்வதும் ஒரே இனம். அதுவும் முந்தி ஓடும் கடிகாரமே” என்றோம். அவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்துத் தலையசைத்தார். மறைத்துவிடலாம் என்றவருக்கு மோதினாரே விடையிறுத்தார். அன்று குத்பாவுக்கு முன் எழுந்து நின்று, நடந்ததனைத்தையும் தம் வாயாலேயே கூறி, இரண்டு நோன்பைக் கழாச் செய்யுமாறு வேண்டிக்கொண்டார். பள்ளியில் ஒரு முணுமுணுப்பும் எழவில்லை. பெட்டியைக் கொணர்ந்த இளைஞர்கள் அதை வேறிடத்துக்கு மாற்றினர். மோதினார் பணியைத் தொடர வேண்டும் என்று முதலில் வலியுறுத்தியவர்களும் அவர்களே.

ஐந்து நிமிடம் என்பது அவ்வளவு பெரிதா என்று கேட்போர் உண்டு. பூமி 24 மணி நேரத்தில் ஒருமுறை தன்னைச் சுற்றுகிறது. ஆகவே ஒரு பாகைக்கு 4 நிமிடம். நம் தமிழகத்தின் அட்சரேகைகளில் கிழக்கு மேற்காக ஒரு பாகை ஏறத்தாழ 109 கிலோமீட்டர். 5 நிமிடம் முந்தும் கடிகாரம், தன்னைக் கட்டியிருப்பவரைக் கிழக்கே சுமார் 137 கிலோமீட்டர் தூக்கிச் சென்றுவிடுகிறது. நாகூரில் இருப்பவர் அக்கடிகாரத்தை நம்பினால், வங்கக் கடலின் நடுவே மறைந்த சூரியனுக்காகக் கரையில் நோன்பு திறந்தவர் ஆவார். இதே கணக்கின்படிதான், கிழக்கு மேற்கு வேறுபாட்டால் மட்டும் சென்னைக்கும் கோவைக்கும் ஏறத்தாழ 13 நிமிட இடைவெளி உண்டாகிறது. இன்று நாடு முழுவதும் ஒரே நேரத்தைக் கடிகாரம் காட்டுகிறது. சூரியனோ ஊருக்கு ஊர் தன் நேரத்தையே காட்டுகிறது.

நம் முன்னோர் இந்நுட்பத்தை அறிந்தே பெரும் பள்ளிவாசல்களில் ‘முவக்கித்’ என்னும் நேரக்கணிப்பாளரை அமர்த்தினர். திமிஷ்கு நகரின் உமையாப் பள்ளியில் அப்பதவி வகித்த இப்னு ஷாத்திர், பெரிய வானியல் அறிஞர். அவர் 1371-72-ஆம் ஆண்டில் அப்பள்ளியின் மினாராவுக்கென ஒரு சூரியக் கடிகாரத்தை அமைத்தார், 1375-இல் மறைந்தார். அதே நகரில் பிறந்த தகிய்யுத்தீன், 1577-இல் இஸ்தான்பூலில் வானாய்வுக் கூடம் கண்டவர்; பற்சக்கரக் கடிகாரங்களைப் பற்றி அரபியில் நூல் இயற்றியவர்; வான்பொருள்களின் நிலையை அளக்க விநாடியும் காட்டும் கடிகாரம் செய்தவர். உஸ்மானியர் ஆட்சியில் சூரியன் மறையும் கணமே 12 மணி. அது நாளுக்கு நாள் இடம் மாறுவதால் மக்கள் கடிகாரத்தை அடிக்கடி திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. 1926-இல் துருக்கி பொது நேரமுறைக்கு மாறும்வரை அவ்வழக்கம் நிலவியது. கருவி எவ்வளவு நுட்பமாயினும் வானமே அதற்கு ஆசான் என்னும் பாடம் அவ்வழக்கத்தில் இருந்தது.

சாவி கொடுக்கும் கடிகாரங்களை இன்றும் பேணி வைத்திருக்கும் அன்பர்களுக்குச் சில சொற்கள். பெங்களூரில் 1961-இல் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக நம் கைகளை அலங்கரித்த எச்.எம்.டி. கடிகாரப் பிரிவையும் மூடிவிட 2016-இல் அரசு முடிவெடுத்தது. பழுதுபார்க்கும் கைகளும் அருகி வருகின்றன. எனவே இருப்பதைக் காப்பது நம் பொறுப்பு. ஒலிபெருக்கி, கைபேசி, காந்தப் பிடி உள்ள கைபேசி உறை ஆகியவற்றோடு கடிகாரத்தைச் சேர்த்து வைக்காதீர்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். நாளொன்றுக்கு 20, 30 விநாடி முந்துவது பழைய கடிகாரத்துக்கு இயல்பு. அதுவே வாரத்தில் 3 நிமிடத்தைத் தொட்டுவிடும் என்பதால் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒத்துப்பாருங்கள். இரவில் அதைப் படுக்கவைப்பதற்கும் நிமிர்த்தி வைப்பதற்கும் ஓட்டத்தில் சிறிது வேறுபாடு உண்டு. எந்நிலையில் சற்றுப் பிந்துகிறதென அறிந்து அந்நிலையில் வைத்தால் பகலின் பிழை ஓரளவு ஈடாகும். திடீரென நிமிடக்கணக்கில் முந்தத் தொடங்கினால், முள்ளைத் திருப்பிக்கொண்டே காலம் கடத்தாமல் திசைகாட்டியை அருகே வைத்துப் பாருங்கள். ஊசி அசையாவிடில் சுருளில் எண்ணெய் படிந்திருக்கலாம்; கீழே விழுந்து வளையம் சிக்கியிருக்கலாம். அதைத் திறப்பது தேர்ந்த கையின் வேலை.

கைபேசி இருக்கக் கவலை எதற்கு என்று இளையோர் கேட்கலாம். கைபேசியின் நேரம் துல்லியமானதே. ஆயினும் அது காட்டும் தொழுகை நேரம், அதில் எந்த ஊர், எந்தக் கணக்கு முறை, அஸருக்கு எந்த மத்ஹபு என்று நாம் குறித்துக் கொடுத்ததைப் பொறுத்தது. ஊரை மாற்றிக் குறித்தால் அதுவும் முந்தி ஓடும் கடிகாரமே. மொட்டைமாடியில் நின்று மேற்கே பார்த்த மூதாட்டியின் கண்களை எந்தக் கருவியும் விலக்கிவிடவில்லை.

மனிதரிலும் காந்தம் ஏறியவர் உண்டு. பிறர் புகழ், போட்டி, பதற்றம் ஆகியவற்றின் அருகே நெடுநேரம் இருந்துவிட்டால் உள்ளத்தின் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். தொழுகையில் ருகூவும் ஸுஜூதும் குறுகும். பேச்சில் தீர்ப்பு முந்தும். தானும் அலைந்து பிறரையும் அலைக்கழிப்பர். அவர்களை எவரும் சோம்பேறி என்று சொல்ல மாட்டார்கள். அதனாலேயே அந்நோய் நெடுநாள் தெரியாமல் இருக்கும். அத்தகையோரும் அந்த அருகாமையிலிருந்து படிப்படியாக விலகியே குணமடைகின்றனர். சூரியனுக்கு ஒரு பாதை வகுத்த இறைவன், தன் அடியார்க்கும் ஒவ்வொரு கடமைக்கும் ஒரு வேளையை வகுத்திருக்கிறான். அந்த வேளை வரும்வரை காத்திருப்பதும் வணக்கமே.